முதலில் வயிறு, கடைசியில் கை

அண்ணன் மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு சேர்ந்த புதிதில் ஒரு நாள் இரவு போன் பண்ணினாள். டிசெக்‌ஷன் தொடங்கிவிட்டதாம், அதாவது இறந்த உடலை அறுத்துப் படிக்கும் வகுப்பு. தலைக்கு இரண்டு முறை ஷாம்பு போட்டும், உடல் கெடாமல் இருக்க ஏற்றும் ஃபார்மலின் வாடை போகவில்லையாம். மதியம் மெஸ்ஸில் தயிர் சாதம் மட்டும்தான் உள்ளே இறங்கியதாம். "எதிலேர்ந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன். "கையிலேர்ந்துதான் சித்தப்பா. அப்பர் லிம்ப்தானே ஃபர்ஸ்ட்" என்றாள்.

அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பாடத்திட்டம் அப்படி. நம் மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் கன்னிங்ஹாம் செய்முறைக் கையேட்டில் கையும் காலும்தான் முதல் பாகம். மார்பும் வயிறும் இரண்டாம் பாகம். தலையும் மூளையும் மூன்றாவது. ஆனால் 700 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் பொலோன்யா நகரில் மொண்டினோ டி லுஸ்ஸி என்ற ஆசிரியர் இதே வேலையைச் செய்தபோது வரிசை வேறு. முதலில் வயிறு, அப்புறம் மார்பு, அடுத்து தலை, கை கால் எல்லாம் கடைசியில். 1316-இல் அவர் எழுதிய கையேடும் அதே வரிசையில்தான் போகிறது. சுமார் நான்கு நாளில் மொத்த உடலும் முடிந்துவிட வேண்டும்.

காரணம் சமையலறைக்குத் தெரிந்ததுதான். மீன் வாங்கி வந்து குடலை எடுக்காமல் போட்டு வைத்தால் அது எங்கிருந்து கெடத் தொடங்கும்? மனித உடலும் அப்படித்தான். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உயிர் போனதும் வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் எது முதலில் கெடுமோ அதை முதலில் அறுத்துப் பார்த்துவிட வேண்டும். எலும்பும் தசையுமான கை கால் இரண்டு நாள் தாங்கும், அவை காத்திருக்கலாம். உடற்கூறியல் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை ஆசிரியர் தீர்மானிக்கவில்லை, அழுகல் தீர்மானித்தது.

வரிசையை மட்டுமா? காலத்தையும் அதுவே தீர்மானித்தது. ஐரோப்பாவில் உடலறுத்துப் பாடம் நடத்துவது குளிர்கால வேலை. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறியல் அறிஞர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் பாடம் நடத்தியபோது, அவருடைய வசதிக்கு ஏற்றபடி தூக்குத் தண்டனைகளைத் தள்ளிப்போட ஒரு நீதிபதி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். உடலைப் பாதுகாக்க வழியில்லை, ஆகவே சாவின் தேதியை நகர்த்தினார்கள். யோசித்தால் வயிற்றைப் புரட்டுகிறது.

அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வெசாலியஸுக்கு முந்தைய ஓவியங்களில் பேராசிரியர் உயரமான இருக்கையில் உட்கார்ந்து பழைய நூலை வாசிப்பார், கீழே வேறொருவர் அறுப்பார், மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். நூலில் இருப்பதும் உடலில் இருப்பதும் ஒன்றுதானா என்று நிதானமாக ஒப்பிட யாருக்கும் பொழுதில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலென் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதியதை மனிதனுக்கும் பொருத்திப் படித்தார்கள். மூளையின் அடியில் ஒரு ரத்தக்குழாய் வலை இருப்பதாக அவர் எழுதியிருந்தார். அது ஆடு மாடுகளுக்கு உண்டு, மனிதருக்குக் கிடையாது. 1,300 ஆண்டுகள் அந்த இல்லாத வலை பாடத்தில் இருந்தது. காலென்மேல் இருந்த பக்தி இதற்குப் பெரிய காரணம்தான். ஆனால் பார்ப்பதற்கு இருந்த சில மணி நேரமும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

1543-இல் வெசாலியஸ் தன் பெரிய நூலை வெளியிட்டபோது எலும்பிலிருந்து தொடங்கினார். எலும்பு கெடாது. இயற்கையே பதப்படுத்திக் கொடுத்த பாகம் அது. மேசைமேல் மாதக்கணக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அந்த ஆண்டு அவர் கோத்து நிறுத்திய ஓர் எலும்புக்கூடு இன்றும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1632-இல் வரைந்த டாக்டர் டுல்ப் ஓவியத்தைப் பலரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு அங்கி போட்ட மனிதர்கள் சுற்றி நிற்க, மேசைமேல் வெளிறிய உடல், டுல்ப்பின் இடுக்கி இடது கைத் தசைநார்களைத் தூக்கிப் பிடித்திருக்கும். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைய வழக்கப்படி இது நடக்கவே கூடாது, வயிறுதான் முதலில் திறந்திருக்க வேண்டும். ஏன் அப்படி வரைந்தார் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அண்ணன் மகளிடம் அந்தப் படத்தை அனுப்பினேன். "எங்க டேபிள் மாதிரியே இருக்கு" என்றாள். சரிதான், 1632-இல் விசித்திரமாக இருந்த காட்சி இன்று வழக்கமாகிவிட்டது.

நம் பக்கத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை சொல்லும் முறை இது. முழுமையான ஓர் உடலைத் தேர்ந்தெடுத்து, குடலைச் சுத்தம் செய்து, புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் தண்ணீரில் மறைவான இடத்தில் விட்டுவிட வேண்டும். ஏழு இரவு கழித்து எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் இவற்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்க்க வேண்டும். தோலில் தொடங்கி அடுக்கடுக்காக எல்லாம் விலகி வரும், அப்படியே கண்ணால் பார்க்கலாம். அதாவது அழுகலையே கத்தியாக்கிக் கொண்டார்கள். ஆனால் ஒருமுறை தேய்த்த அடுக்கைத் திரும்ப வைக்க முடியாது. நரம்பு போன்ற மெல்லிய சமாசாரம் தூரிகைக்குத் தாங்காது.

மெல்லிய சமாசாரம் என்றதும் மூளைதான் நினைவுக்கு வருகிறது. பதப்படுத்தாத மூளை ஏறக்குறைய கெட்டித் தயிர் பதம். கையில் எடுத்தால் தன் எடையிலேயே சரியும். அதனால் மண்டையோட்டுக்குள் இருக்கும்போதே மேலிருந்து கீழாகச் சீவிச் சீவிப் பார்த்தார்கள், வெசாலியஸ் உட்பட. அடிப்பகுதிக்கு வருவதற்குள் மேலே இருந்தது கூழாகிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் சாராயம் வந்தது. குடிப்பதற்கு அது எப்போதோ வந்துவிட்டது, சதையைப் போட்டு வைப்பதற்கு அப்போதுதான். விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1660-களில் அதைப் பற்றி எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவர் தாமஸ் வில்லிஸ், மூளையை மண்டையிலிருந்து முழுசாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். 1664-இல் வந்த அவர் நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் வளையமாகச் சேரும் இடத்துக்கு இன்றும் வில்லிஸ் வளையம் என்றுதான் பெயர். காலெனின் கற்பனை வலை இருந்த அதே அடிப்பகுதியில் உண்மையான வளையம் தெரிந்தது. மூளையைக் கவிழ்க்க முடிந்ததால் தெரிந்தது.

ஆம்ஸ்டர்டாமில் உடற்கூறியல் அறிஞர் ஃபிரெடெரிக் ருயிஷ் இன்னொரு பக்கம் போனார். சாயம் கலந்த மெழுகை ரத்தக்குழாய்களுக்குள் ஏற்றினார். செத்த உடலில் சுருங்கிக் காணாமல் போகும் நுண்குழாய்கள் எல்லாம் சிவந்து நிறைந்து நின்றன. செத்த உடலில் தமனிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் பழைய கிரேக்கர்கள் அவற்றில் காற்று ஓடுவதாக நினைத்தார்கள். ருயிஷ் ஜாடிகளில் வைத்த குழந்தைகள் தூங்குவதுபோலவே இருந்தன என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். ரஷ்யாவின் மகா பீட்டர் 1717-இல் மொத்தத் தொகுப்பையும் 30,000 கில்டருக்கு வாங்கிக்கொண்டு போனார். அதில் பல இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கின்றன. கேமரா இல்லாத உலகில் அந்த ஜாடிகள்தான் ஆதாரம். 'நான் பார்த்தேன்' என்பதற்குப் பதில் 'இதோ, நீயே பார்' என்று சொல்ல முடிந்தது.

பிரிட்டனில் நடந்த பிணத் திருட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு உடல் சில நாளில் வீணாகிவிடும் என்றால் உடற்கூறியல் பள்ளிகளுக்குத் தொடர்ந்து புது உடல்கள் வேண்டும், புதைகுழிகள் காலியாகும். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 1828-இல் குழி தோண்டும் சிரமம்கூட வேண்டாம் என்று 16 பேரைக் கொன்றே விற்றார்கள். பர்க்கைத் தூக்கில் போட்டு, அவன் உடலையும் அறுத்தார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. பதப்படுத்தல் வந்ததால் இந்தத் திருட்டு நின்றது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. நிறுத்தியது 1832-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் என்ன செய்தது? யாரும் கேட்டு வராத உடல்களை, அதாவது ஏழைகளின் உடல்களை, கல்லூரிகளுக்குக் கொடுத்தது. நான்கு ஆண்டு கழித்து, 1836-இல் மதுசூதன் குப்தா கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சாதிக் கட்டுப்பாட்டை மீறி உடலில் கத்தி வைத்தார். வங்காளத்து வெயிலில் அவருக்கும் அவர் மாணவர்களுக்கும் எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி ஃபார்மலின், அதாவது தண்ணீரில் கரைத்த ஃபார்மால்டிஹைடு. 1893-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம், ஃபார்மால்டிஹைடு கரைசல் கிருமியைக் கொல்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலை செய்யச் செய்ய அவருடைய விரல் நுனித் தோல் கெட்டிப்பட்டுப் போனது. வேறு ஒருவராக இருந்தால் கையைக் கழுவிவிட்டுப் போயிருப்பார். இவர், தோலை இப்படி ஆக்குவது திசுவை என்ன செய்யும் என்று யோசித்தார். அவ்வளவுதான், அடுத்த 130 ஆண்டுகளுக்கு உலகத்து உடற்கூறியல் கூடங்களின் வாடை தீர்மானமாகிவிட்டது.

ஃபார்மலின் செய்வது என்ன என்பதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோல் பதனிடும் வேலையின் உறவுக்கார வேலை அது. புரதச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் போட்டுக் கட்டிவிடும். கட்டிய புரதத்தை பாக்டீரியாவால் எளிதில் உடைத்துத் தின்ன முடியாது, திசுவும் தன்னைத்தானே கரைத்துக்கொள்ள முடியாது.

கல்லூரியில் இதைச் செய்யும் விதம் எளிமையானது. தொடையின் மேற்புறத்தில் சிறு கீறல் போட்டு, தமனியைத் தேடி எடுத்து, அதில் ஒரு குழாயைச் செருகுவார்கள். உயரத்தில் தொங்கும் கலத்திலிருந்தோ பம்ப் வழியாகவோ ஏறக்குறைய 10 லிட்டர் திரவம் மெதுவாக இறங்கும். ஃபார்மலினோடு, பூஞ்சை பிடிக்காமல் இருக்க கார்பாலிக் அமிலம், காய்ந்து போகாமல் இருக்க கிளிசரின், ஸ்பிரிட், தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும். இதயம் உயிரோடு இருந்தபோது ரத்தத்தை அனுப்பிய அதே வழியில் திரவம் போகிறது. விரல்கள் விறைப்பதைப் பார்த்து நுனிவரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். போகாத இடத்தில் சிரிஞ்சால் ஏற்றுவார்கள். அப்புறம் தொட்டி.

இப்படி ஆன உடல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்த்த மாணவன், தானே கத்தி பிடித்து ஒரு நரம்பை அக்குளிலிருந்து விரல் நுனிவரை வாரக்கணக்கில் தேடிப் போகலாம். தப்பாக அறுத்தால் நாளைக்கு மறுபக்கத்துக் கையில் சரியாகச் செய்யலாம். வயிற்றுக்கு அவசரம் இல்லை என்றானதும், எளிதான, ஆழமில்லாத, கைப்பழக்கம் வருவதற்கு ஏற்ற கை முதல் இடத்துக்கு வந்தது. அழுகல் வகுத்த வரிசை போய், கற்பிக்கிறவர் வகுத்த வரிசை வந்தது.

ஆனால் ஃபார்மலின் பொய்யும் சொல்லும். அதைப் பேசாமல் இதன் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை. எல்லாம் ஒரே பழுப்புச் சாம்பல் நிறம். தமனி, சிரை, நரம்பு மூன்றும் ஒரே கயிறு மாதிரி இருக்கும். மூட்டு மடங்காது. நுரையீரல் ஸ்பாஞ்சுக் கட்டி. இதில் படித்துவிட்டு முதன்முதலாக ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் மாணவர், உயிருள்ள வயிற்றுக்குள் எல்லாம் ஈரமாக, வழுக்கி, நகர்ந்துகொண்டே இருப்பதைப் பார்த்து மலைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நுண்ணோக்கி மட்டத்திலும் இதே கதை. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நுண்ணோக்கி பொருத்திய எண்டோஸ்கோப்பால் உயிருள்ள நோயாளிகளின் பித்தக்குழாய்ச் சுவரைப் பார்த்தபோது திரவம் நிறைந்த அறைகள் வலைபோலத் தெரிந்தன. வழக்கமான கண்ணாடிச் சில்லுகளில் அங்கே நெருக்கமான இணைப்புத் திசுதான் தெரியும். பதப்படுத்தும்போது திரவம் வடிந்து அறைகள் அப்பளமாகத் தட்டையாகி விடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். உறைய வைத்துப் பார்த்த திசுவில் அறைகள் அப்படியே இருந்தன. 'புதிய உறுப்பு கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைகள் முழங்கியது மிகை. ஆனால் நாம் பாடமாகப் படிப்பதில் எவ்வளவு உடல், எவ்வளவு பதப்படுத்தல் என்ற கேள்வி நியாயமானதுதான்.

சில சமயம் அந்தச் சிதைவையே பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. பாசலில் மாதிரிகள் தயாரிக்கும் வேலையில் இருந்த யோசெஃப் கிளிங்லர், ஃபார்மலினில் ஊறிய மூளையை உறைய வைத்து, பின் உருக விட்டார். பனிப்படிகங்கள் நரம்பு இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தளர்த்திவிட்டன. மரக்கரண்டியால் மெல்ல நீக்கினால் இழைக்கற்றைகள் வாழைநார் உரிவதுபோல் உரிந்து வந்தன. 1935-இல் இதை வெளியிட்டார். மூளை அறுவை மருத்துவர்கள் இன்றும் அந்த முறையில்தான் இழைகளின் போக்கைக் கையால் தொட்டுப் படிக்கிறார்கள்.

ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் முடிவுக்கு வந்தது. மாற்று தேடுவதற்கு அது ஒரு காரணம், விறைப்பு இன்னொரு காரணம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் பல ஆண்டு முயன்று 1992-இல் ஒரு கலவையை வெளியிட்டார். உப்புகள், போரிக் அமிலம், கிளைக்கால், மிகக் கொஞ்சம் ஃபார்மலின். ஃபார்மலின் தோல் பதனிடுவது என்றால் இது ஊறுகாய் போடுவது. மாதக்கணக்கில் ஊற வேண்டும், செலவும் அதிகம். ஆனால் மூட்டு மடங்கும், நிறம் ஓரளவு நிற்கும், நுரையீரலில் காற்றை ஏற்றினால் விரியும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் இதற்கு மாறியது. அங்கே உடல் முதலாண்டு மாணவருக்கு மட்டும் பாடப்புத்தகம் அல்ல, அனுபவமுள்ள அறுவை மருத்துவர் புது முறையை ஒத்திகை பார்க்கும் இடமும்கூட.

பிளாஸ்டினேஷன் எதிர்த் திசை. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் குந்தர் ஃபான் ஹாகன்ஸ் 1977-இல் உருவாக்கியது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உவமை, கேட்பதற்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாக இருந்தாலும், நேந்திரங்காய் சிப்ஸ்தான். எண்ணெயில் போட்டதும் தண்ணீர் ஆவியாக வெளியேறும், அந்த இடத்துக்கு எண்ணெய் போகும். இங்கே உடலின் தண்ணீருக்குப் பதில் முதலில் கடும் குளிரில் அசிட்டோன் போகிறது. பிறகு வெற்றிடத்தில் அசிட்டோன் ஆவியாக வெளியேற, சிலிகான் உள்ளே இழுபடுகிறது. கடைசியில் கெட்டிப்படுத்துகிறார்கள். வாடை இல்லை, கையுறை வேண்டாம், அலமாரியில் வைக்கலாம். ஆனால் அறுக்க முடியாது. வேறு யாரோ அறுத்து முடித்ததைப் பார்க்கத்தான் முடியும். ஒரு வகையில் ருயிஷின் ஜாடிக்கே திரும்பிப் போனது போல.

1995-இல் டோக்கியோவில் இத்தகைய உடல்கள் கண்காட்சிக்கு வந்ததும், அறையின் நான்கு சுவருக்குள் இருந்த கேள்வி தெருவுக்கு வந்தது. இது யார்? சம்மதம் கொடுத்தாரா? ஃபான் ஹாகன்ஸின் போட்டியாளர் ஒருவர் நடத்திய கண்காட்சியின் உடல்கள் சீனாவிலிருந்து வந்தவை. அவை மரண தண்டனைக் கைதிகளுடையவை அல்ல என்று உறுதி சொல்ல முடியாது என்பதை நுழைவாயிலிலேயே எழுதி வைக்க 2008-இல் நியூயார்க்கில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. உடல் சில நாளில் மறைந்தபோது குற்றமும் அதோடு மறைந்தது. கெடாத உடல் சாட்சியாக நின்றுவிடுகிறது. 'அயர்லாந்து ராட்சதர்' என்று அழைக்கப்பட்ட சார்லஸ் பைர்ன், தன்னை அறுத்துவிடுவார்கள் என்று பயந்து கடலில் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார். 1783-இல் அவர் இறந்ததும் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் எப்படியோ உடலைக் கைப்பற்றினார். அந்த எலும்புக்கூடு லண்டனில் 200 ஆண்டுக்கு மேல் காட்சியில் நின்றது. 2023-இல் அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறந்தபோதுதான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். அப்போதும் கடலுக்கு அனுப்பவில்லை.

அடுத்து வந்த பதப்படுத்தலில் உடலே மிஞ்சவில்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம், டெக்சஸில் 1993-இல் தண்டனை நிறைவேற்றப்பட்ட, உடலைத் தானம் செய்திருந்த ஒரு கைதியின் உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகச் சீவி, ஒவ்வொரு வெட்டு முகத்தையும் படமெடுத்தது. 1,871 படங்கள். சீவியதெல்லாம் துகளாகப் போய்விட்டது, உடல் இப்போது கணினியில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் வெளியிட்ட 'தரணி' என்ற, கருவிலிருக்கும் சிசுவின் மூளை வரைபடமும் அந்த வம்சம்தான். 5,132 வெட்டுகளை எண்ம வடிவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்படியானால் மேசையும் உடலும் இனி எதற்கு? 2018-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உடல் தானம் செய்த 99 வயது மூதாட்டியின் மார்பைத் திறந்த மாணவர்கள், இதயத்துக்கு வர வேண்டிய பெரிய சிரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் திகைத்தார்கள். தங்களுக்குத்தான் தெரியவில்லை போல என்று நினைத்து ஆசிரியர்களைக் கூப்பிட்டார்கள். வயிற்று உறுப்புகள் எல்லாம் இடம் வலமாக மாறி இருந்தன, இதயம் மட்டும் வழக்கம்போல இடப்பக்கம். அவர் வீட்டாருக்கே இது தெரியாது. கணினித் திரையில் இருக்கும் உடல் இப்படி யாரையும் திகைக்க வைக்காது, ஏனென்றால் அது எப்போதும் அதே உடல்.

நம் ஊரில் உடல் தானம் பற்றி விசாரிக்கிறவர்கள் அதிகமாகி வருகிறார்கள். விண்ணப்பத்தில் உயிரோடு இருக்கும்போது கையெழுத்துப் போடலாம். ஆனால் இறந்த பிறகு வீட்டார் சம்மதித்து, சில மணி நேரத்துக்குள் கல்லூரிக்குத் தகவல் சொன்னால்தான் நடக்கும். கண் தானம் செய்தால் தடையில்லை. ஆனால் விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். பலருக்கு இது வருத்தம், 'கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார்களே' என்று. குழாய்கள் அறுபட்ட உடலில் அந்த 10 லிட்டர் திரவம் விரல் நுனிவரை போகாது, நடுவழியில் கசிந்துவிடும். அதுதான் விஷயம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த அண்ணன் மகளிடம், மொண்டினோ நான்கு நாளில் முழு உடலையும் முடித்ததைச் சொன்னேன். கரும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். "நாங்க இன்னும் வயித்தைத் தொடவேயில்லை சித்தப்பா."